கேள்வி நேரம்: நிலக்கரிக் கப்பல்கள்

கேள்வி: தீக்குச்சி உரசாமலே கப்பலில் நிலக்கரி தீப்பிடிக்கும் என்கிறார்கள். நிஜமா? – வாசகர், எண்ணூர்

பதில்: நிஜம்தான். நிலக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். அதில் சூடு பிறக்கும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் குவியலின் உள்ளே கனலத் தொடங்கும். லிக்னைட் போன்ற தரம் குறைந்த கரிதான் இதில் மோசம்.

55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான கரியை ஏற்றக் கூடாது என்கிறது சர்வதேச விதி. ஏற்றியபின் குவியலைக் கூம்பாக விடாமல் கிடங்கின் ஓரம்வரை சமமாகப் பரப்ப வேண்டும். கூம்பின் சரிவு வழியே காற்று உள்ளே புகும். வாயு தேங்கவும் இடம் கிடைக்கும்.

சிக்கல் எங்கே என்றால், கரி மீத்தேனும் விடும். காற்றில் 5 முதல் 16 சதவீதம் கலந்துவிட்டால் ஒரு பொறி போதும், வெடிக்கும். மீத்தேனை விரட்டக் காற்றோட்டம் தேவை. தன்னால் சூடேறும் கரிக்கோ காற்றோட்டமே எதிரி. அதனால் எந்தக் கரி எப்படிப்பட்டது என்று அனுப்புபவர் எழுத்தில் தர வேண்டும். காற்று விட்டாலும் குவியலின் மேற்பரப்பில் மட்டும்தான். உள்ளே செலுத்தவே கூடாது.

கிடங்குக்குள் இறங்காமல், மாதிரிக் குழாய் வழியே மீத்தேன், ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு மூன்றையும் அளப்பார்கள். கார்பன் மோனாக்சைடு 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு) தொட்டாலோ, தொடர்ந்து மூன்று நாள் ஏறிக்கொண்டே போனாலோ உள்ளே சூடேறுகிறது என்று பொருள். அப்போது மூடிகளை இறுக்கி, காற்றை அடைப்பதுதான் வைத்தியம். நடுக்கடலில் கரிமேல் தண்ணீர் அடிக்கக் கூடாது. கிடங்கின் வெளிச்சுவரைக் குளிர்விக்கலாம். தீயைவிடச் சத்தமில்லாத ஆபத்தும் உண்டு: கரி ஆக்சிஜனைத் தின்றுவிட்ட கிடங்கில் சோதிக்காமல் இறங்கியவர் மயங்கி விழுவார், காப்பாற்றப் பின்னால் குதிப்பவரும் விழுவார்.

கேள்வி: கேப்டன் குக் போனது கரிக்கப்பலிலா? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஆம். பசிபிக் கடலை ஆராயப் போன குக்கின் கப்பல் 'எண்டெவர்' 1764இல் இங்கிலாந்தின் விட்பியில் 'ஏர்ல் ஆஃப் பெம்ப்ரோக்' என்ற பெயரில் கரி சுமக்கக் கட்டப்பட்டது; 1768இல் கடற்படை வாங்கியது. குக்கும் விட்பியின் கரிக்கப்பல்களில்தான் தொழில் கற்றார். அடி தட்டையாக இருந்ததால் நீர் வற்றிய சேற்றில் சாயாமல் உட்காரும், வயிறோ அகலம். 1770இல் பவளப்பாறையில் மோதி ஓட்டையானபோது, ஆற்றங்கரையில் ஏற்றிப் பழுதுபார்க்க முடிந்ததும் இந்த அமைப்பால்தான்.

கேள்வி: கரியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் கப்பல் கவிழாதா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: அதற்குத்தான் பாரம் ஏற்றுவது. நியூகாசிலிலிருந்து லண்டனுக்குக் கரி கொண்டுபோன பாய்மரக் கப்பல்கள் மணலும் சரளையும் நிரப்பித் திரும்பின. அவற்றைக் கொட்டிக் கொட்டியே டைன் ஆற்றங்கரையில் குன்றுகள் எழுந்தன. கூலியும் வீண், நாளும் வீண். 1852இல் ஜாரோவில் சார்லஸ் மார்க் பால்மர் கட்டிய 'ஜான் போவ்ஸ்' என்ற இரும்பு நீராவிக் கப்பல், 650 டன் கரியை லண்டனில் சேர்த்து ஐந்தே நாளில் திரும்பியது. இரண்டு பாய்மரக் கப்பல்களுக்கு அது ஏறக்குறைய ஒரு மாத வேலை. இவ்வளவு வேகமாக ஓடும் கப்பலுக்குச் சரளை அள்ளிப் போட்டுக் கொண்டிருந்தால் கட்டுபடியாகுமா? கடல்நீரைத் தொட்டியில் நிரப்பி வெளியேற்றும் முறை இந்த நீராவிக் கரிக்கப்பல்களில்தான் வேரூன்றியது.

கேள்வி: ஐம்பதாயிரம் டன் கரியை எப்படி நிறுக்கிறார்கள்? – வாசகர், காரைக்கால்

பதில்: கப்பலையே தராசாக்குகிறார்கள். முன், நடு, பின் என இருபுறமும் ஆறு இடத்தில் நீர்மட்டக் குறிகளைப் படித்து, அமிழ்ந்த ஆழத்திலிருந்து மொத்த எடையைக் கணக்கிடுவார்கள். எரிபொருள், நன்னீர், பாரநீர் (பாரத்துக்காகத் தொட்டியில் நிரப்பிய கடல்நீர்) ஆகியவற்றைக் கழிப்பார்கள். இதை ஏற்றுமுன் ஒருமுறை, ஏற்றியபின் ஒருமுறை செய்தால் வித்தியாசம்தான் கரி. துறைமுகத் தண்ணீரின் அடர்த்தியையும் கட்டாயம் அளக்க வேண்டும். கன மீட்டருக்கு 1.015 டன் இருக்கும் நீரை 1.025 என்று எடுத்துக்கொண்டால், 60,000 டன் காட்டும் கணக்கில் சுமார் 585 டன் பொய். சச்சரவு அதிகம் வருவது பாரநீர்த் தொட்டியில்: காலி என்று எழுதியிருப்பார்கள், அடியில் சேறும் நீரும் கிடக்கும்.