கண்புரை அறுவைக்குப் பின் பவர் ஏன் இறங்குகிறது?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயதில் வலது கண்ணில் புரையை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். அப்போது அந்தக் கண்ணுக்கு பிளஸ் 4.5 கண்ணாடி கொடுத்தார்கள்; ஐந்து வயதாகும் இப்போது பிளஸ் 1.5 என்கிறார்கள். உள்ளே வைத்த லென்ஸ் கெட்டுவிட்டது, அதை மாற்ற வேண்டும் என்று என் மாமியார் சொல்கிறார். என் அண்ணனின் நான்கு மாதக் குழந்தைக்கும் ஒரு கண்ணில் பிறவிப் புரை இருக்கிறது. அறுவை செய்துவிட்டு, உள்ளே லென்ஸ் வைக்காமல் கான்டாக்ட் லென்ஸ் போடலாம் என்கிறார்கள். அது சரியா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: லென்ஸ் கெடவில்லை, கண் வளர்ந்திருக்கிறது. பிறந்த குழந்தையின் கண், முன்புறத்திலிருந்து பின்புறம் வரை ஏறத்தாழ 17 மி.மீ. நீளம்தான் இருக்கும், பெரியவர்களுக்கு அது 23 அல்லது 24 மி.மீ. இந்த வளர்ச்சியில் பாதிக்கு மேல் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். மீதி, பத்து வயதைத் தாண்டியும் மெதுவாக நடக்கும். இயற்கையான லென்ஸ், கண் நீள நீளத் தன் பவரைக் குறைத்துக்கொண்டு ஈடுகட்டும். செயற்கை லென்ஸுக்கு அது இயலாது என்பதால், கண் 1 மி.மீ. நீண்டால் பவர் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று வரை மைனஸ் பக்கம் நகரும்.

இதை எதிர்பார்த்துத்தான், வளரும் பெண்ணின் பாவாடையில் உள்மடிப்பு விட்டுத் தைப்பதுபோல, மருத்துவர் வேண்டுமென்றே பவர் குறைந்த லென்ஸை வைத்து, மீதியைக் கண்ணாடியில் கொடுத்திருக்கிறார். உங்கள் மகளின் பிளஸ் பவர் குறைந்துவருவது அந்தக் கணக்கின்படியே நடக்கிறது. பின்னாளில் மைனஸ் வந்தாலும் பெரும்பாலும் கண்ணாடியே போதும். இரு கண்களுக்கும் இடையே வித்தியாசம் மிக அதிகமானால்தான் லென்ஸை மாற்றுவதைப் பற்றி யோசிப்பார்கள்.

ஆனால் பவர் திடீரென்று வேகமாக இறங்கினால் அலட்சியம் கூடாது. சிறு வயதில் புரை அறுவை செய்த கண்ணில், பல ஆண்டுகள் கழித்துக்கூடக் கண் அழுத்த நோய் வரலாம். அந்த அழுத்தம் குழந்தையின் கண்ணை அளவுக்கு மீறி நீளச் செய்யும். ஆகவே ஒவ்வொரு பரிசோதனையிலும் கண் அழுத்தத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். வைத்த லென்ஸின் பவரும் கண்ணின் நீளமும் குறித்த சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். இன்று கோயம்புத்தூரில் காட்டுகிறவர்கள் நாளை பாலக்காட்டில் காட்ட நேர்ந்தால், பழைய அளவு இல்லாமல் வளர்ச்சியைக் கணிக்க முடியாது.

பவர் பூஜ்யத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிடும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். செயற்கை லென்ஸால் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் மாறி மாறிக் குவிக்க முடியாது. பள்ளிப் புத்தகத்தைப் படிக்கக் கீழ்ப்பகுதியில் தனிப் பவர் உள்ள கண்ணாடி அவளுக்கு எப்போதும் தேவைப்படும். வலது கண்ணைப் பயன்படுத்த வைப்பதற்காக, நல்ல இடது கண்ணின் மேல் ஒட்டி மூடும் பட்டையையும் (பேட்ச்) மருத்துவர் சொன்ன நேரம் வரை போட வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்த குழந்தைக்கு, மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும் ஆபத்து பவரைவிடப் பெரியது. வகுப்பில் பிள்ளைகள் கேலி செய்தால், பள்ளி விட்டு வந்த பிறகு ஒட்டலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன் குழந்தைக்குச் சொன்ன யோசனை சரியானதே. அமெரிக்காவில் ஒரு கண்ணில் புரையுடன் பிறந்த, ஏழு மாதம் நிறையாத 114 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுக்கு ஐந்து வயதானபோது பார்த்ததில், அறுவையின்போதே உள்ளே லென்ஸ் வைத்தவர்களுக்கும் கான்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கும் பார்வையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. லென்ஸ் வைத்தவர்களுக்கே மறு அறுவைகள் அதிகம் தேவைப்பட்டன. கண் ஓரளவு வளர்ந்தபின் லென்ஸ் வைத்துக்கொள்ளலாம். ஆனால் புரையை எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். நான்கு மாதம் என்பதே தாமதம்தான்.