பொரியல் ஏன் டப்பாவிலேயே திரும்பி வருது? – வாசகர் கேள்விகள்

கேள்வி: பாப்பா நாலாவது படிக்குதுங்க. நான் பனியன் கம்பெனிக்குப் போறதால காலையில 7 மணிக்கே சாப்பாட்டைக் கட்டிடுவேன். சோறு காலியாகுது, பொரியல் மட்டும் அப்படியே திரும்பி வருது. ராத்திரி வீட்டுல அதே பொரியலைத் தின்னுக்குது. என்ன பண்றதுங்க? – திருப்பூர்

பதில்: வீட்டில் சாப்பிடுகிறது என்றால் காய் மேல் குழந்தைக்கு வெறுப்பில்லை. தப்பு டப்பாவில். 7 மணிக்குச் சுடச்சுட மூடினால் ஆவி மூடியில் பட்டு, தண்ணீராகிக் காயின் மேலேயே சொட்டும். மதியம் 12.30க்குத் திறக்கும்போது பொரியல் நசநசவென்று கிடக்கும். முட்டைக்கோஸ், காலிபிளவர், முள்ளங்கி என்றால் கந்தக வாடையும் சேரும். அதிகம் வேகவேக அந்த வாடை கூடும். பக்கத்துப் பிள்ளை ஒரு தடவை மூக்கைப் பிடித்தால் போதும், அந்தக் காயை உங்கள் பாப்பா பள்ளியில் மறுபடி தொடாது.

டப்பாவுக்கு பீன்ஸ், கேரட், பீட்ரூட், கோவைக்காய், அவரை வைத்துக்கொள்ளுங்கள். சுரை, பீர்க்கு, புடலை, கோஸ் எல்லாம் ராத்திரிக்கு. காயைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வேகவையுங்கள். முக்கால் பதம் வந்ததும் மூடியை எடுத்துவிட்டுத் தண்ணீர் சுண்ட வதக்கி, கடைசியில் உப்புப் போடுங்கள். முதலிலேயே போட்டால் காய் நீர் விட்டுக் குழையும். தேங்காய்ப்பூவையும் சட்டியிலேயே ஒரு நிமிடம் வதக்கிவிடுங்கள். பச்சையாகத் தூவினால் சித்திரை வெயிலில் மதியத்துக்குள் ஊசிவிடும். பிறகு தட்டில் பரப்பி 10 நிமிடம் ஆறவிட்டுக் கட்டுங்கள். அவசரத்தில் எல்லோரும் விடுவது இந்த 10 நிமிடத்தைத்தான்.

அரிசிம்பருப்பு சாதம் வைக்கிற நாளில் ஒரு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் நறுக்கிய காய் போடலாம். ஆனால் ஓரத்தில் இரண்டு ஸ்பூன் பொரியலைத் தனியாகவும் வையுங்கள். சோற்றுக்குள் ஒளிந்தே காயைத் தின்று வளரும் குழந்தை காயைக் காயாகப் பார்த்துப் பழகாது. புதுக் காய் என்றால் ஒரு ஸ்பூன் மட்டும், அதட்டாமல். நாக்குப் பழக எட்டு, பத்துத் தடவைகூட ஆகும். மூன்றாவது தடவையிலேயே 'இதுக்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: பையன் ஒன்பதாவது. ட்யூஷன் முடிஞ்சு வரும்போது தினமும் தள்ளுவண்டியில காளான் சாப்பிடறான். கேட்டா, "அதுல முட்டைக்கோஸ்தான் நிறைய இருக்கு, காய்தானே"ங்கறான். – பொள்ளாச்சி

பதில்: கோஸ் இருப்பது உண்மை. பல வண்டிகளில் காளானைவிட அதுதான் அதிகம். ஆனால் அதை மைதாவிலும் சோளமாவிலும் பிசைந்து, எண்ணெயில் பொரித்து, பிறகு மசாலாவில் உதிர்த்துக் கிளறுகிறார்கள். ஒரு தட்டில் காயைவிட மாவும் எண்ணெயும் உப்பும்தான் வயிற்றுக்குள் போகின்றன. வாரம் ஒரு நாள் என்றால் விட்டுவிடலாம், தினமும் கூடாது.

நான் கவனிக்கச் சொல்வது அந்த நேரத்தை. 12.30க்குச் சாப்பிட்ட வளரும் பையனுக்கு 5 மணிக்கு அகோரப் பசி. எது முதலில் கைக்குக் கிடைக்கிறதோ அதைத் தின்பான். பேக்கரி பப்ஸும் தேன் கேக்கும் போணியாவது அந்த நேரத்தில்தான். ட்யூஷன் பையில் ஒரு நேந்திரம் பழமும் ஒரு பிடி வேர்க்கடலையும் இருந்தால் வண்டியைத் தாண்டி வந்துவிடுவான். காரசாரமாகத்தான் வேண்டும் என்றால் வீட்டிலேயே சேலத்துத் தட்டுவடை (மொறுமொறுப்பான சின்னத் தட்டை) செட் போடுங்கள்: துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் சேர்த்து ஒரு கிண்ணம், கொத்தமல்லிச் சட்னி, எலுமிச்சை. தட்டுவடை நாலு போதும், துருவலைத் தாராளமாக வையுங்கள். பச்சைக் காயை இவ்வளவு ஆசையாகப் பிள்ளைகள் தின்கிற வேறு பண்டம் நம் பக்கத்தில் இல்லை.

கேள்வி: மகளுக்கு 15 வயசு, ஹீமோகுளோபின் 9.8. தினமும் முருங்கைக்கீரை குடுத்தாப் போதுமா? – மூலனூர்

பதில்: போதாது. அந்த வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 9.8க்கு டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். 100 கிராம் முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து சுமார் 4.5 மில்லிகிராம்தான். மகளுக்கு ஒரு நாளைக்குத் தேவை 30. அதிலும் கீரையின் இரும்பில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறதா, குடற்புழு இருக்கிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை ரத்தசோகை வராமல் தடுக்க. வந்துவிட்ட பிறகு டாக்டர் சொல்லும் அளவு வேறு. மாத்திரையால் மலம் கறுத்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

கீரையைக் கைவிடவும் வேண்டாம், சேரும் விதத்தை மாற்றுங்கள். வைட்டமின் சி கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். பொரியலை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள்; அடுப்பில் பிழிந்தால் சூட்டில் அந்தச் சத்து குறையும். சாப்பாட்டோடு அரைக் கொய்யா தின்னட்டும். அதில் ஆரஞ்சைப் போல நான்கு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. பிள்ளைகளிடம் பலரும் கேட்காமல் விடுவது டீயைப் பற்றித்தான். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீயும் காபியும் வேண்டாம், இரும்பைச் சேரவிடாது.

கேள்வி: பழத்தைக் கடிக்கச் சோம்பல். ஜூஸாப் போட்டுத் தரலாமா? – ஈரோடு

பதில்: எப்போதாவது, ஒரு சின்ன டம்ளர். வடிகட்டும்போது நார் போய்விடுகிறது. மூன்று சாத்துக்குடியின் இனிப்பு இரண்டு நிமிடத்தில் உள்ளே போகிறது, மேலே சர்க்கரை வேறு. சுளையாகத் தின்றால் ஒன்றிலேயே நிறைவு வரும்.

கேள்வி: மழைக்காலத்துல கொய்யா, வாழைப்பழம் குடுத்தா சளி பிடிக்குமாங்க? – கோபி

பதில்: சளியைத் தருவது கிருமி, பழமல்ல. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் அரை மணி நேரம் வெளியே வைத்துக் கொடுங்கள்.

கேள்வி: பையன் நாமக்கல்ல ஹாஸ்டல்ல படிக்கிறான். ஞாயித்துக்கெழமைதான் பாக்கப் போவோம். ஒரு வாரத்துக்குக் கெடாம என்ன பழம் குடுத்துட்டு வரலாம்? – கரூர்

பதில்: ஒரே பழமாக வாங்காமல், கெடும் வரிசையில் வாங்குங்கள். ஞாயிறு, திங்களுக்குப் பழுத்த பூவன் நாலு. செவ்வாய் முதல் வியாழன் வரை செங்காயான கொய்யா மூன்று. வெள்ளி, சனிக்கு ஆரஞ்சு அல்லது சாத்துக்குடி. பெரிய நெல்லிக்காய் ஏழு, நாளுக்கு ஒன்று. பாலிதீன் கவரில் கட்டிக் கொடுத்தால் வியர்த்துப் பூசணம் பூக்கும். துணிப்பையோ காகிதமோ நல்லது. வாழைப்பழத்தைக் கொய்யாவோடு ஒரே பையில் போடாதீர்கள். பழுத்த வாழை விடும் வாயுவில் கொய்யா இரண்டே நாளில் கனிந்துவிடும். கழுவாமலே கொடுத்து, தின்னும்போது குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். அறையில் நாலு பேர் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமையே பை காலி.