‘லே குவாத்ரோ வோல்தே’ திரைப்படத்தில் வசனம் ஏன் இல்லை?

மிகேலாஞ்சலோ பிராமார்த்தினோ இயக்கி 2010இல் வெளிவந்த இந்த இத்தாலியப் படம், தென் இத்தாலியின் கலாப்ரியா பகுதி மலைக் கிராமத்தில் ஆடு மேய்க்கும் முதியவரின் இறுதி நாட்களில் தொடங்கி, அவர் இறந்தபின் பிறக்கும் குட்டி, அது வழிதவறி ஒதுங்கும் மரம், விழாவுக்காக வெட்டப்பட்ட அம்மரத்திலிருந்து கிடைக்கும் கரி என நான்கு நிலைகளாக விரிகிறது.

உயிர் கூடுவிட்டுக் கூடு பாய்கிறது என்பது, அதே கலாப்ரியாவின் குரோத்தோனே நகரில் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கற்பித்த கிரேக்கத் தத்துவ அறிஞர் பித்தாகரசின் கொள்கை. படத்தின் அடித்தளமும் அதுவே. பேச்சு மனிதருக்கு மட்டுமே உரியதால், வசனம் நுழைந்தால் கதை அவர்களைச் சுற்றியே நின்றுவிடும். திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்திருப்பவரின் கண்ணில் மாடும் மரமும் வழிப்போக்கரும் ஒரே அளவில் படுவதைப் போல, கேமராவும் ஓரிடத்தில் நின்று அனைத்தையும் சமமாகப் பார்க்கிறது. தேவாலயத்தில் கூட்டிய தூசியை முதியவர் நீரில் கரைத்து மருந்தாக அருந்தும் காட்சியே, என் கருத்தில், மண்ணுக்கும் மனிதருக்குமான உறவை மிக நுட்பமாகச் சொல்லும் இடம்.

பலர் இதை ஆவணப்படம் என்று எண்ணுகின்றனர். ஆனால், வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல்லை நாய் அகற்ற, வண்டி உருண்டு பட்டியை உடைக்கும் அந்த நீண்ட ஒற்றைக் காட்சி முன்கூட்டியே திட்டமிட்டுப் படமாக்கப்பட்டதாகும்.