சென்னைக்கு முதல் பயணம்: மலை இறங்குமுன் போட வேண்டிய கணக்குகள்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் தேயிலை விவசாயம் செய்கிறோம். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். நகையும் பட்டும் சென்னையில் எடுக்கலாம் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். நான், வீட்டுக்காரர், மகள், மாமியார் என நாலு பேர் போகிறோம். யாரும் இதுவரை சென்னை பார்த்ததில்லை. மாமியாருக்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. "அங்கே ஏமாற்றிவிடுவார்கள்" என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். ஏமாந்துபோனால் புகார் கொடுக்கவும் சென்னைக்கே போக வேண்டுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா. போக வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தி.நகரில் வாங்கிய நகைக்கு ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லிப் பாருங்கள். பல விஷயங்கள் அதிலேயே முடிந்துவிடும். ஆனால் எல்லாவற்றுக்கும் கையில் பில் வேண்டும். பில் இல்லாமல் வாங்கிவிட்டு வந்து கேட்பவர்களுக்கு என்னால் பெரிதாக உதவ முடிவதில்லை. அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நகைக்கடையில், "பில் வேண்டாம் என்றால் மூணு பர்சென்ட் ஜிஎஸ்டி மிச்சம்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார்கள். கல்யாணச் செலவில் அது பெரிய தொகையாகத் தெரியும். ஒத்துக்கொள்ளாதீர்கள். பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிகம்.

இனி நகைக்கு வருவோம். பவுன் விலையை எல்லாரும் விசாரிக்கிறார்கள். அது அன்றைய விலை, கடைக்குக் கடை பெரிதாக மாறாது. மாறுவது சேதாரமும் செய்கூலியும்தான். 14 சதவீதம் சேதாரம் என்றால், ஒரு பவுனுக்கு, அதாவது 8 கிராமுக்கு, 1.12 கிராம் தங்கத்தின் விலையைக் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அதையே 10 சதவீதத்துக்குப் பேசி முடித்தால் 0.8 கிராம்தான். பத்துப் பவுன் எடுக்கும்போது 3.2 கிராம் வித்தியாசம். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் விலை போடச் சொல்லுங்கள், அது பில்லில் தனியாக வர வேண்டும். நகையின் உட்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், கடையிலேயே தருவார்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22 காரட் என்பதைக் குறிக்கும் 22கே916 என்ற தர எண், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும் அடையாள எண்ணான, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். இரண்டு கிராமுக்கும் குறைவான மூக்குத்தி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. மகளின் போனில் 'பிஐஎஸ் கேர்' செயலியை ஊரிலேயே ஏற்றி வையுங்கள். அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் எந்த வகை நகை, என்ன தரம் என்று காட்டும். கடையில் காட்டுவது வளையலாக இருந்து செயலியில் மோதிரம் என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு உருப்படிக்கும் இதைச் செய்யுங்கள், நேரமானாலும் பரவாயில்லை.

பட்டுக்கு, அசல் பட்டு என்பதைக் காட்டும் 'சில்க் மார்க்' லேபிள் பாருங்கள். தி.நகர் கூட்டத்துக்குள் நுழையுமுன் ஒருமுறை எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள கோ-ஆப்டெக்ஸுக்குப் போய்வாருங்கள். அங்கே விலையும் தரமும் பார்த்துவிட்டால் மற்ற கடைகளில் சொல்லும் விலையை எடைபோட ஒரு அளவுகோல் கிடைக்கும். அதே சாலையில்தான் 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளை மாமியார் அவசியம் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை.

எப்போது போவது? ஐப்பசி, கார்த்திகை என்று தள்ளிப்போடாதீர்கள். தீபாவளிக் கூட்டமும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் ரங்கநாதன் தெருவில் நடக்கவே முடியாது. செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். வெயிலும் புழுக்கமும் இருக்கும், பருத்தித் துணி போதும். ஸ்வெட்டரை மேட்டுப்பாளையம் வரைக்கும் போட்டுக்கொள்ளலாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்ட்ரல். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், 2024 நவம்பருக்கு முன்பிருந்த 120 நாள் கணக்கு இப்போது இல்லை. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020-லேயே நின்றுவிட்டது, ஆனால் மூத்த குடிமக்களுக்கும் 45 வயது ஆன பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீடு இருக்கிறது. அது ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் செல்லும். உங்களுக்கு 45 வயது ஆகியிருந்தால், நீங்களும் மாமியாரும் ஒரு டிக்கெட், மற்ற இருவரும் இன்னொரு டிக்கெட் என்று எடுங்கள். நாலு பேரையும் ஒன்றாகப் போட்டால் அந்த ஒதுக்கீட்டில் கேட்க முடியாது.

தங்குமிடம் விஷயத்தில் ஒரே ஒரு கேள்வி பணத்தை மிச்சப்படுத்தும்: "செக்-அவுட் பன்னிரண்டு மணியா, இருபத்து நாலு மணி நேரமா?" நீங்கள் விடியற்காலை போய் இறங்குகிறீர்கள். பகல் 12 மணிக் கணக்குப் போடும் லாட்ஜில் காலை ஏழு மணிக்கு அறை எடுத்தால், ஐந்து மணி நேரத்துக்கே ஒரு நாள் வாடகை போய்விடலாம். போனில் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சென்ட்ரல் வாசலில் "நல்ல ரூம் இருக்கு" என்று பெட்டியைத் தூக்க வருபவர்களுடன் போகாதீர்கள், அவர்களுடைய கமிஷன் உங்கள் வாடகையில் ஏறும். எழும்பூர் கென்னட் லேனில் குடும்பத்தோடு தங்கும் லாட்ஜுகள் நிறைய உண்டு.

ஆட்டோவுக்கு 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்த விலைக்கு இன்று யாரும் வரமாட்டார்கள், அதற்காகச் சண்டை போட வேண்டாம். ஆட்டோ பதிவு செய்யும் செயலியில் காட்டும் தொகையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். தி.நகருக்கு ஆட்டோவே தேவையில்லை. சென்ட்ரல் எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் போதும், சில்லறைக் காசில் முடியும். ஓட்டல் பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அது கட்டாயமில்லை என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கடலுக்கு மாமியாரைச் சாயங்காலம் மெரினாவுக்குக் கூட்டிப்போங்கள். மணலில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும், முழங்கால் வலி இருந்தால் பெசன்ட் நகர் கடற்கரை சௌகரியம். அலையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெரினாவில் இழுப்பு மோசம், குளிக்கத் தடை இருக்கிறது.

கேள்வி: கொடைக்கானலிலிருந்து சென்னைக்கு முதல்முறையாக இன்டர்வியூவுக்குப் போகிறேன். பஸ் கோயம்பேட்டில் இறக்குமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: இல்லை தம்பி. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ்கள் அங்கேதான் நிற்கின்றன. நகரின் மையத்துக்கு அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், மாநகரப் பேருந்து இருக்கிறது. காலையிலேயே இன்டர்வியூ என்றால் கொடைரோட்டில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுங்கள், நேராக எழும்பூரில் இறங்கி அங்கிருந்து மெட்ரோ பிடிக்கலாம். மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் 50 ரூபாய்க்கு மேல் ஆகாது. பஸ்தான் என்று முடிவு செய்தால், டிக்கெட் போடும்போது இறங்குமிடம் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.