வண்டலூருக்கு மகளை அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. லீவுக்கு வண்டலூர் போகலாம் என்றதும், "பாவம்ப்பா, அதுங்களை ஏன் அடைச்சு வச்சிருக்காங்க?" என்று கேட்டாள். காப்பாத்தத்தான் என்று சொல்லிவிட்டேன், ஆனால் எனக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. உயிரியல் பூங்காவால் காட்டு விலங்குகளுக்கு உண்மையிலேயே நன்மை உண்டா? போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். நீங்கள் சொன்னது சில விலங்குகளுக்கு முழு உண்மை, சிலவற்றுக்குக் கொஞ்சமும் பொருந்தாது, அந்த வித்தியாசத்தை மகளுக்குக் காட்டிக்கொடுத்தால் போதும்.

முதலில் அவளுக்கு அரேபிய ஓரிக்ஸின் கதையைச் சொல்லுங்கள். வெள்ளை உடம்பும் நீண்ட கொம்பும் கொண்ட பாலைவன இரலை அது. ஜீப்பும் துப்பாக்கியும் வந்த பிறகு அதை வேட்டையாடித் தீர்த்தார்கள். அழிந்துவிடும் என்று பயந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த ஒன்பது விலங்குகளை 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் உயிரியல் பூங்காவில் சேர்த்தார்கள். 1972-ல் ஓமனில் கடைசிக் காட்டு ஓரிக்ஸும் சுடப்பட்டது. பூங்காவில் பிறந்த குட்டிகள் மட்டும் இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1982-ல் அந்த வம்சத்தை ஓமன் பாலைவனத்தில் திரும்ப விட்டார்கள், 1990-களின் நடுவில் அங்கே 400 வரை பெருகியது.

அப்புறம் நடந்ததையும் மறைக்காதீர்கள். திருட்டு வேட்டை மறுபடி வந்தது, எண்ணிக்கை சரிந்தது, சரணாலயத்தின் பரப்பையும் அரசு 90 சதவீதம் வெட்டியது, 2007-ல் யுனெஸ்கோ அந்த இடத்தைத் தன் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. மற்ற அரபு நாடுகளிலும் விடுவித்திருந்ததால் இனம் தப்பியது. பூங்கா விலங்கின் வம்சத்தைக் காப்பாற்றித் தரும், ஆனால் திரும்பிப் போகக் காடு இருக்க வேண்டுமே! நம் நாட்டில் டார்ஜிலிங் பூங்கா 2003-ல் இரண்டு சிவப்புப் பாண்டாக்களைச் சிங்காலிலா காட்டில் விட முடிந்ததும் அந்தக் காடு மிஞ்சியிருந்ததால்தான்.

ஒன்பதிலிருந்து ஒரு கூட்டத்தை உண்டாக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. எல்லாம் சொந்தத்துக்குள்ளேயே இணைந்தால் குட்டிகள் நோஞ்சானாகும், அதனால் எது எதற்குப் பிறந்தது என்று வம்சப் பதிவேடு வைத்து, பூங்காக்கள் தங்களுக்குள் விலங்குகளை மாற்றிக்கொள்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத சிங்கவால் குரங்குக்கான இனப்பெருக்கத் திட்டத்தில் வண்டலூர் இருக்கிறது. நீங்கள் போகும்போது அந்தக் கூண்டின் முன்னால் நின்று நிதானமாகப் பாருங்கள். கூட்டம் என்னவோ வெள்ளைப் புலியிடம்தான் நிற்கும். அது தனி இனமே இல்லை, வங்கப் புலியில் அபூர்வமாக வரும் ஒரு நிறம். பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை 1951-ல் ரேவா பகுதியில் பிடிபட்ட ஒரே ஆண் புலியின் வாரிசுகள், அந்த நிறத்துக்காக அதை அதன் சொந்த மகளோடு இணைத்தார்கள். இதைக் காப்பு வேலை என்று சொல்ல என்னால் முடியாது.

ஆராய்ச்சி விஷயத்தில் பூங்காக்களின் பங்கு வெளியே அதிகம் தெரிவதில்லை. காட்டில் ஒரு சிங்கத்தின் சினைக்காலத்தை நாள் கணக்கில் குறித்துக்கொள்வதோ, மயக்க ஊசி எவ்வளவு போட்டால் தாங்கும் என்று பார்ப்பதோ நடக்கிற காரியமா? பூங்காவில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் காட்டில் அடிபட்ட விலங்குக்கு மருத்துவர்கள் வைத்தியம் செய்கிறார்கள். 2021-ல் வண்டலூர் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தபோது மாதிரிகளைப் போபாலில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், அது டெல்டா வகை என்று தெரிந்தது. காட்டில் இதே நோய் பரவியிருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

சரி, போனால் எதைப் பார்ப்பது? ஒரு விலங்கு ஒரே தடத்தில் முன்னும் பின்னும் ஓயாமல் நடந்தாலோ, யானை நின்ற இடத்திலேயே வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தாலோ அது மன உளைச்சலின் அடையாளமாக இருக்கலாம். ஏற மரம், ஒளிய மறைவு, புரள மண், தண்ணீர் எல்லாம் இருக்கிறதா பாருங்கள். புலி மறைவில் படுத்துக்கொண்டு கண்ணில் படவில்லை என்றால் ஏமாற்றமாகத்தான் இருக்கும், ஆனால் அப்படி மறைய இடம் கொடுத்திருப்பது நல்ல பூங்கா. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் இந்தியாவில் எந்தப் பூங்காவும் நடத்தக் கூடாது, சின்ன ஊர்களில் தனியார் இடங்களுக்குப் போகுமுன் அதை விசாரித்துவிடுங்கள்.

கல்லெறிவதும் கத்திச் சீண்டுவதும் தின்பண்டம் போடுவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். யாராவது செய்தால் மகள் பார்க்கும்படி நீங்களே தடுத்துச் சொல்லுங்கள். காலையில் கதவு திறந்ததும் போய்விடுங்கள், வெயில் ஏறினால் எல்லாம் நிழலில் சுருண்டுவிடும். காப்பாளர் யாராவது ஓய்வாக இருந்தால், இந்தக் குரங்கு எங்கே பிறந்தது என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். தினமும் அதுகளோடு இருக்கிறவர்கள் அவர்கள், கேட்டால் ஆசையாகச் சொல்வார்கள்.