ஏழு மணிக்கு மேல் தஞ்சாவூர்

அன்புள்ள ஐயாவுக்கு,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய பயணக் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. ‘தஞ்சாவூரில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் சாப்பிட்டுவிட்டுப் படுப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.’ படித்ததும் சுருக்கென்றது. நான் இந்த ஊர்க்காரன். மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சென்னையில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று திரும்பி வந்தவன்.

போன வருடம் நான் எங்கெல்லாம் போனேன் என்று சொல்கிறேன். காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர் ரேக்ளா. அதை ஒட்டித் திருவையாறு தியாகராஜர் ஆராதனை. மாசி பிறந்ததிலிருந்து சனிக்கிழமை தோறும் கபடி. ஒரத்தநாடு, வடுவூர், மன்னார்குடி என்று எந்தப் பக்கம் மின்னொளிப் போட்டி நடந்தாலும் பைக்கை எடுத்துவிடுவேன். (பைக் பெட்டியில் எப்போதும் வலிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் கிரேப் பேண்டேஜும் இருக்கும். கடைக்காரன் புத்தி.) பங்குனியில் திருவாரூர் ஆழித்தேர், வைகாசியில் எங்கள் ராஜவீதியில் கருட சேவை, ஆடிப்பெருக்குக்குப் புதாற்றங்கரை, ஐப்பசியில் ராஜராஜன் சதய விழா. ஏழு மணிக்கு மேல் நான் வீட்டில் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிறார் என் மனைவி.

சென்னையில் இருக்கும் என் மைத்துனர், ‘வயக்காட்டுல நின்னு கபடி பாக்கத்தான் வேலைய விட்டுட்டு ஊருக்குப் போனீங்களா அத்தான்?’ என்று கேலி செய்கிறார். எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. நான் ஆடியவனும் இல்லை, பாடியவனும் இல்லை. தேர்வடம் பிடித்ததே இரண்டு முறைதான். வேடிக்கை பார்ப்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் ‘என் ஊர், என் ஊர்’ என்று குதிக்கலாமா?

இப்படிக்கு,
தஞ்சாவூர் வாசகன்
(பெயர் போட வேண்டாம். மைத்துனரும் உங்களைப் படிக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரி தப்புதான். அன்றைக்கு ரயில் இரண்டு மணி நேரம் தாமதம், தங்கிய விடுதியில் மின்விசிறி சுற்றுவேனா என்றது, கொசு வேறு. அந்தக் கடுப்பை ஊர்மேல் காட்டிவிட்டேன். வெளியூர்க்காரன் எழுதியிருந்தால்கூட மன்னிக்கலாம். நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பைப் பார்த்து வளர்ந்தவன். எனக்கு மன்னிப்பு இல்லை.

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். நீங்கள் அறியாமலேயே ஆற்றின் பஞ்சாங்கத்தை எழுதியிருக்கிறீர்கள். தையில் சம்பா அறுவடை முடிகிறது. வயல் காய்கிறது. உளுந்தும் பயறும் தெளித்த வயல் போக, ஊருக்கு அருகே மேடாக ஏதாவது ஒரு துண்டு சும்மா கிடக்கும். பள்ளிக்கூட மைதானம் இல்லாத ஊரில் அதுதான் கபடிக் களம். மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்து, அது வாய்க்காலுக்கு வந்து சேரும் வரைக்கும்தான் அந்த மண் நமக்கு. அப்புறம் குறுவை நாற்று வந்துவிடும். ஆவணியில் அங்கே போட்டி வைத்தால் ஆடுகிறவன் நண்டு பிடிக்க வேண்டியதுதான். அதனால்தான் மாசியிலிருந்து வைகாசி வரை சனிக்கிழமைக்கு மூன்று ஊரில் ஃபிளெக்ஸ் கட்டுகிறார்கள். சென்னையில் காலியாக ஓர் அரங்கம் கிடைத்தால் எந்த மாதமும் எதையும் நடத்தலாம். இங்கே தண்ணீர் விட்ட இடைவெளியில்தான் விளையாட்டு, தண்ணீர் வந்ததும் அதற்கு ஒரு திருவிழா. ஆடிப்பெருக்கன்று புதாற்றுப் படியில் பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு நிற்கிற அந்த மாலையை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேடிக்கை பார்க்கிறவன் ஊர்க்காரனா என்பது கேள்வி. அதற்கு முன் நான் மாட்டிக்கொண்ட ஒரு கதையைச் சொல்ல வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஒரு சித்திரை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மின்னொளிப் போட்டி. கமிட்டிப் பையன் ஒருவன் வந்து, ‘சார் எழுத்தாளர்தானே, ஸ்கோர் எழுதுங்க’ என்று நோட்டையும் பேனாவையும் கையில் கொடுத்துவிட்டான். அவன் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை என்பதால் உட்கார்ந்துவிட்டேன். களத்தை உழுது, கட்டி உடைத்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். நாலு மூலையிலும் மூங்கில் கம்பத்தில் விளக்கு. விளக்கைச் சுற்றிப் பூச்சி. நான் பூச்சியைப் பார்த்து ஏதோ உவமை யோசித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பாடிப்போன பையன் கோட்டுக்குத் திரும்பிவிட்டான், கூட்டம் கத்துகிறது, அவன் யாரையும் தொடவில்லையே என்று நான் சும்மா இருந்தேன்.

முதுகில் ஒரு கை தட்டியது. பின்னால் வேர்க்கடலை விற்கிற ஒரு கிழவி. தலையில் முக்காடு, மடியில் படி, முன்னால் அரிக்கேன் விளக்கு. ‘தம்பி, ஏழு பேரும் உள்ள நிக்கிறானுவ. போனஸ் கோட்டத் தாண்டி முன்கால வச்சான், பின்காலு அந்தரத்துல நின்னுது. ஒண்ணு போடு.’ நான் நடுவரைப் பார்த்தேன். அவர் அதைத்தான் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். பின்கால் தரையில் இருந்தால் போனஸ் கிடையாது, எதிரில் ஆறு பேராவது நிற்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் படித்த சங்கதி. அந்தம்மாவுக்குக் கடலை அளக்கிற கைக்கு நடுவே கண்ணில் விழுந்த சங்கதி. அரையிறுதிக்குள் என்னிடமிருந்து நோட்டை வாங்கிவிட்டார்கள்.

கிழவி வேடிக்கை பார்த்தாள் என்று சொல்வீர்களா?

அந்தப் போட்டியின் நோட்டீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. ரோஸ் நிறத் தாள். முதல் பரிசுத் தொகை சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள். இரண்டாம் பரிசு அரிசி ஆலைக்காரர். மூன்றாம் பரிசு, தேர்தலில் நிற்கப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவர். சுழற்கோப்பை யாரோ ஒருவரின் அப்பா நினைவாக. வீரர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு ஒரு குடும்பம். ஒலி ஒளி ஒருவர், களத்துக்கு டிராக்டர் ஒருவர், தண்ணீர் கேன் ஒருவர். தாளைத் திருப்பினால் இன்னும் நாற்பது பெயர். ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி, ஆட்களைப் பற்றி இரண்டு பக்கம். சிரிக்காதீர்கள், கோயில் உற்சவப் பத்திரிகையும் இதேதான். முதல் நாள் மண்டகப்படி (அந்த நாள் உற்சவச் செலவு) இன்னார், இரண்டாம் நாள் இன்ன கடைக்காரர்கள், மூன்றாம் நாள் இன்ன தெரு. மண்டகப்படி என்ற ஏற்பாடுதான் டெல்டாவில் எல்லாக் கொண்டாட்டத்துக்கும் அச்சு. கபடிக் கமிட்டிப் பையன்களுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் அதை நாற்பது துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

ஆழித்தேருக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அலங்காரத்தோடு 96 அடி, ஏறக்குறைய 300 டன். பல வருடம் ஓடாமல் நின்று 1970ல் மறுபடி ஓடியது. அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்ததை திருவாரூர்க்காரர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த சீர் மாதிரி சொல்வார்கள். எல்லோரும் கலசத்தை அண்ணாந்து பார்க்கிறோம். அடுத்த முறை கீழே பாருங்கள். சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, கையில் முட்டுக்கட்டையோடு குனிந்தபடியே கூட நகர்கிறவர்கள் இருப்பார்கள். கட்டையை எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கோணத்தில், எந்த நொடியில் கொடுப்பது என்பதில்தான் தேர் முக்குத் திரும்புவதே இருக்கிறது. பேச்சு வழக்கில் ‘முட்டுக்கட்டை போடாதே’ என்றால் வசவு. தேரோடும் வீதியில் அது பெரிய வித்தை. நாலு வீதியும் சுற்றி முடிகிற வரை அவர்கள் நிமிர்ந்து சாமியைப் பார்க்கவே முடியாது.

இதெல்லாம் கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. மண்டகப்படி என்றால் பங்கு மட்டும் இல்லை, உரிமையும்கூட. உரிமை என்று வந்தால் யாருக்கு இல்லை என்ற கேள்வியும் வந்துவிடும். தேர் போகாத தெரு உண்டு. நன்கொடை வாங்காத வீடு உண்டு. கபடியிலும் சில ஊரில் அணியின் பெயரைக் கேட்டாலே எந்தச் சாதி என்று தெரிந்துவிடும், இறுதி ஆட்டத்துக்குப் போலீஸ் நிற்கும். எங்கள் ஊரிலேயே ஒரு வருடம் கோப்பையைவிடப் பெரிதாகப் பஞ்சாயத்து நடந்தது. ‘ஒற்றுமைத் திருவிழா’ என்று ஃபிளெக்ஸில் போட்டிருந்தால் நான் கொஞ்சம் எச்சரிக்கையாகவே போவேன்.

பங்கு கிடைக்காதவர் என்ன செய்வது? நீங்கள் போன திருவையாற்றிலேயே பதில் இருக்கிறது. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான தியாகராஜர் 1847ல் சமாதியானார். இன்று நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்திலும் அவருடைய பஞ்சரத்னக் கீர்த்தனைகளை ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து பாடுகிற அந்த இடத்தில், நூறு வருடத்துக்கு முன்னால் பெண்கள் பாட இடமில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் தேவதாசி மரபில் வந்தவர், வெளியூர்க்காரர். தன் கைப்பொருளைச் செலவழித்து 1920களில் அங்கே கோயிலைக் கட்டினார். பாட விடாதபோது பெண்களுக்கென்று தனியாகவே நடத்தினார். அவரைக் கேட்டு யாரும் மண்டகப்படி கொடுக்கவில்லை. அவராகவே ஒன்றை எடுத்துக்கொண்டார், இன்று தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடி அவருக்கும் ஒரு சமாதி இருக்கிறது. அடுத்த ஆராதனைக்குப் போகும்போது முன்வரிசை வித்வான்களைப் பார்த்து முடித்துவிட்டு அந்தப் பக்கமும் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

மைத்துனருக்கு அதிகம் சொல்ல வேண்டாம். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன் 2016ல் கபடி உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் ஆடினார், அப்போது அவருக்கு 41 வயது. அதே வருடம் புரோ கபடியில் பாட்னா அணிக்குத் தலைவராகக் கோப்பை வாங்கினார். வடக்கத்திப் பையன்கள்கூட அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய கபடி அணியில் வடுவூர்ப் பையன் அபினேஷ் இருந்தார். மைத்துனர் குளிர்சாதன அறையில் டிவியில் பார்த்துக் கைதட்டுகிற ஆட்டத்தின் நாற்றங்கால் உங்கள் வயக்காடுதான் என்று சொல்லுங்கள். அவர் ஏதாவது எதிர்த்துப் பேசினால், சூப்பர் டேக்கிள் என்றால் என்ன என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பாடி வந்தவனைப் பிடித்தால் இரண்டு புள்ளி என்று அவர் சரியாகச் சொல்லிவிட்டால் அவரையும் பைக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர்மேல் ஒரு குறை உண்டு, அது மால் இல்லை என்பதோ சினிமா அரங்கு போதவில்லை என்பதோ இல்லை. மண்ணில் ஆடி வளர்ந்த பையன் மாவட்ட அணிக்குத் தேர்வாகி முதல் முறை மேட் என்கிற விரிப்பில் ஷூ போட்டு இறங்கும்போது அவன் கால் அவன் பேச்சைக் கேட்பதில்லை. மண்ணில் வழுக்கிக்கொண்டு போய் மீண்டு வருகிறவன், விரிப்பில் கால் பிடித்துக்கொண்டு முட்டியைத் திருகிக்கொள்கிறான். நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் அப்படி உட்கார்ந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன். ஒன்றியத்துக்கு ஒரு மேட் இருந்தால் போதும். மாலையில் அதை விரித்துவிட ஓர் ஆள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கடந்துபோன ஒரு விஷயம். பைக் பெட்டியில் ஸ்ப்ரேயும் பேண்டேஜும் வைத்திருக்கிறீர்கள் என்று. போன வருடம் எத்தனை கணுக்காலுக்குக் கட்டுப் போட்டீர்கள்? நீங்கள் வந்துவிட்டீர்களா என்று கமிட்டிக்காரர்கள் ஆட்டம் தொடங்குமுன் தேடுகிறார்களா இல்லையா? தேடுகிறார்கள் என்றால், உங்கள் பெயர் ரோஸ் தாளில் இல்லாவிட்டாலும் அது உங்கள் மண்டகப்படி. நீங்கள் அதைக் கடைக்காரன் புத்தி என்று எழுதியிருக்கிறீர்கள்.

மாசியில் நான் ஊருக்கு வருகிறேன். எந்தச் சனிக்கிழமை எந்த ஊர் என்று எழுதுங்கள், ஏழு மணிக்கு மேல் எனக்கு வேறு வேலை கிடையாது. ஸ்கோர் எழுத மட்டும் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.