மாட்டுக் கொட்டகைக்கு 1.5 ஸ்கொயர் வயர் போதுமா?

கேள்வி: வீட்டு மெயின் போர்டிலிருந்து 80 அடி தள்ளி, கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு மாடு கட்டியிருக்கிறோம். இரண்டு லைட், ஒரு ஃபேன், 1 எச்.பி. புல் வெட்டும் மெஷின். 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயரை பிவிசி பைப்பில் இழுத்தால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். கொட்டகைக்குத் தனி எர்த் குழி எடுத்துவிட்டால் பயமில்லைதானே?

பதில்: லைட், ஃபேன் மட்டுமென்றால் 1.5 தாங்கும். மோட்டாருக்கு ஆகாது. சுவரில் ஏறி இறங்குவதையும் சேர்த்தால் 30 மீட்டர்; பேஸும் நியூட்ரலுமாக 60 மீட்டர் செம்பு. 1.5 ஸ்கொயரில் அதன் தடை சுமார் 0.7 ஓம். ஓடும்போது 7 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், கிளம்பும்போது 40 வரை இழுக்கலாம். அப்போது வயரிலேயே 28 வோல்ட் போய்விடும். சாயங்காலம் லைனில் 200 வோல்ட்தான் இருக்கிறதென்றால், மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நின்று, உள்ளே சுற்றிய காயில் கம்பி கருகும். 4 ஸ்கொயரில் இந்த இழப்பு 12 வோல்ட் அளவோடு நிற்கும்.

வாங்க வேண்டியது 4 ஸ்கொயர், 3 கோர் (உள்ளே மூன்று கம்பி), செம்பு ஆர்மர்டு கேபிள் (மேலே இரும்புக் கவசம் உள்ளது). பில்லில் 'செம்பு' என்று எழுதச் சொல்லுங்கள். அதே அளவில் மலிவாக அலுமினியமும் உண்டு. ஆனால் 4 ஸ்கொயர் அலுமினியம் 2.5 செம்புக்குத்தான் சமம். முக்கால் மீட்டர் ஆழத்தில், கீழும் மேலும் மணல் போட்டு, செங்கல் அடுக்கி மூடுங்கள்.

வீட்டு முனையில் 20 ஆம்பியர் டபுள் போல் எம்.சி.பி.யும் (கரண்ட் அளவு மீறினால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் வெட்டும் சுவிட்ச்) போடுங்கள். கொட்டகையில் மோட்டாருக்கு 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. (மோட்டார் கிளம்பும் கரண்டுக்கு விழாதது), லைட்டுக்கு 6 ஆம்பியர்.

எர்த் குழியை மட்டும் நம்பாதீர்கள். குழியின் தடை 20 ஓம் என்றால், மோட்டார் பாடியில் பேஸ் பட்டாலும் 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு விழாது, பாடியைத் தொட்டால் ஷாக்தான். ஈரத் தரையில் நிற்கும் மாட்டுக்கு நம்மைவிடக் குறைந்த வோல்ட்டே ஆபத்து. ஆர்.சி.சி.பி. இருந்தால் உடனே விழும். மூன்றாவது கோரை வீட்டு எர்த்தில் சேர்த்து, மோட்டார் பாடி, இரும்புத் தூண், தகரம், கொட்டகைக் குழி எல்லாவற்றையும் அதோடு இணையுங்கள்.

ஆர்.சி.சி.பி. ஓயாமல் விழுகிறதா? பைபாஸ் போட விடாதீர்கள். ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு வரும் நியூட்ரலை வேறு சர்க்யூட்டின் நியூட்ரலோடோ எர்த்தோடோ முறுக்கியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். மாதம் ஒருமுறை 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள், விழாவிட்டால் மாற்றிவிடுங்கள்.